தோளில் சுமக்கும் கூரை

பெங்களூருவுக்கு மேற்கே, மாகடிக்கு அருகில் சாவனதுர்கம் என்னும் மலை நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,226 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் பெரும்பகுதி ஒரே பாறை. அடிவாரக் காட்டைக் கடந்தபின் கண்ணுக்குத் தெரிவன சாய்வான வெற்றுக் கருங்கல்லும், தொலைவில் மஞ்சனபெலே நீர்த்தேக்கமும், வானமும்தாம். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே ஏறச் செல்வோர் வெயிலுக்கு அஞ்சித் தண்ணீரை மிகுதியாகச் சுமப்பர். மழைக்கென்று எதையும் சுமப்பதில்லை. பிற்பகலில் கருமேகம் திரண்டு, காற்றோடு கோடைமழை இறங்கும்போதுதான் ஒதுங்குவதற்கு ஒரு திண்ணைகூட இல்லை என்பது அவர்களுக்குப் புரியும்.

நனைவது சிறிய தொல்லைபோலத் தோன்றும். நகரத்தில் அப்படித்தான்; வீட்டிற்குச் சென்று தலையைத் துவட்டிக்கொள்ளலாம். மலையில் நிலை வேறு. நீரின் வெப்பக் கடத்துதிறன் காற்றினுடையதைவிட 20 மடங்கிற்கும் மேற்பட்டது. நனைந்த ஆடை உடலோடு ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உறிஞ்ச, வீசும் காற்று அதை மேலும் விரைவாகக் கொண்டுசெல்கிறது. பனி உறையாத ஊர்களிலும், களைத்து நனைந்தவர்களின் உடல்வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். ஆகவே மலையேறுவோருக்கு உணவும் நீரும் போலவே கூரையும் தேவை. அக்கூரையைத் தோளில் சுமக்க வேண்டியிருப்பதால் அதன் எடை முதற்கேள்வி ஆகிறது. மாணவர்களுக்கு அதன் விலை இரண்டாம் கேள்வி.

கடைகளில் விற்கப்படும் இருவர் தங்கும் கூடாரம் ஒன்று பெரும்பாலும் இரண்டரை முதல் மூன்று கிலோ எடையிருக்கும், விலையும் ஆயிரக்கணக்கில். எடை குறையக் குறைய அதன் விலை ஏறும். இவ்விரு கேள்விகளுக்கும் ஒருசேர விடையளிக்கும் பொருள் ஒன்று பெங்களூருவின் எல்லாத் தெருக்களிலும் காணப்படுகிறது. காய்கறிக் கடையின் முகப்பிலும், கட்டடப் பணி நடக்கும் இடத்திலும், சரக்கு லாரியின் மேலும் விரிந்துகிடக்கும் தார்ப்பாயே அது.

பெயரும் பொருளும்

தார்ப்பாய் என்னும் சொல் ஆங்கிலத்தின் ‘டார்பாலின்’ என்பதிலிருந்து வந்தது. பழங்காலக் கப்பல்களில் சரக்கு நனையாதிருக்கத் தடித்த துணியின்மேல் தாரைப் பூசிப் போர்த்தினர். ‘டார்’ என்பது தார். ‘பால்’ என்பது போர்வைத்துணி. தமிழர் அச்சொல்லைக் கேட்டுத் தமக்கு ஏற்றவாறு தார்ப்பாய் ஆக்கிக்கொண்டனர். அந்த மாற்றம் மிகப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. தமிழில் பாய் என்பது தரையில் விரிப்பது மட்டுமன்று, கப்பலில் காற்றை ஏந்துவதும் பாய்தான். லாரியோடு வாழ்வோர் இதனைப் ‘படுதா’ என்பர். பெங்களூருவின் கடையில் கன்னடத்தில் கேட்க விரும்பினால் ‘தாடபாலு’ என்று கேட்கலாம். கருநாடக உழவர் நெல்லையும் கேழ்வரகையும் மழையிலிருந்து காக்க வாங்குவதும் அதுவே.

இன்றைய தார்ப்பாயில் தாரும் இல்லை, பருத்தித் துணியும் இல்லை. அது பெரும்பாலும் உயரடர்த்திப் பாலித்தீனால் ஆனது. 1953ஆம் ஆண்டு செருமனி நாட்டு வேதியியலாளர் கார்ல் சீக்லர் அப்பொருளைக் குறைந்த அழுத்தத்தில் உருவாக்கும் வழியைக் கண்டார். அத்துறையில் ஆற்றிய பணிக்காக 1963ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும் இத்தாலியின் ஜூலியோ நட்டாவுக்கும் வழங்கப்பட்டது. இந்தப் பாலித்தீனை மெல்லிய பட்டைகளாக இழுத்து, பாய் முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக நெய்து, இரு பக்கமும் நீர் புகாத மெல்லிய படலத்தை ஒட்டுகின்றனர். விளிம்பை மடித்து, உள்ளே கயிறு வைத்து, இடைவெளி விட்டு உலோக வளையங்களைப் பதிக்கின்றனர். கிழிந்த தார்ப்பாய் ஒன்றின் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் இந்த நெசவு தெளிவாகத் தெரியும்.

கடைக்காரர் தார்ப்பாயைக் காட்டும்போது ‘எத்தனை ஜிஎஸ்எம்?’ என்று கேட்பார். ஒரு சதுர மீட்டர் பரப்பு எத்தனை கிராம் எடை என்பதே அதன் பொருள். அளவை அடிக்கணக்கில் சொல்வது வழக்கம். பத்துக்குப் பத்து அடி என்றால் ஏறத்தாழ 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். 90 ஜிஎஸ்எம் தார்ப்பாயாக இருந்தால் எடை 810 கிராம். 120 என்றால் 1,080 கிராம். லாரிக்கும் கூரைக்கும் வாங்கப்படும் 250 ஜிஎஸ்எம் வகையில் அதே பரப்பு 2,250 கிராம் ஆகிவிடும். அதைச் சுமப்பதைவிடக் கூடாரத்தையே சுமக்கலாம். மலையேற்றத்திற்கு மெல்லிய வகை போதும். விலையும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

இதைவிட இலேசான துணிகளும் உள்ளன. நைலான் நூலில் நெய்து சிலிகான் பூசிய துணி சதுர மீட்டருக்கு 40 முதல் 50 கிராம் வரை இருக்கும். 9 சதுர மீட்டர் விரிப்பு அரைக் கிலோவைத் தாண்டாது. அதில் சிறுசிறு கட்டங்களாகத் தடித்த நூல் ஓடுவதால், ஓரிடத்தில் ஏற்பட்ட கிழிசல் அடுத்த கட்டத்தோடு நின்றுவிடும். ஆனால் அதன் விலை பல மடங்கு. முதல் சில பயணங்களுக்கு நீலநிறத் தார்ப்பாயே நல்லது. கட்டக் கற்கும்போது கிழிந்தாலும் மனம் வருந்தாது.

கயிறு 20 மீட்டர், 3 மில்லிமீட்டர் பருமன், ஏறத்தாழ 100 கிராம். தரையில் விரிக்க 2 மீட்டருக்கு 1 மீட்டர் அளவில் அதே தார்ப்பாயின் துண்டு ஒன்று, 180 கிராம். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சற்று மேல். பழைய விளம்பர ஃப்ளெக்ஸைத் தரைவிரிப்பாகக் கொண்டுசெல்வோர் உண்டு. இலவசமாகக் கிடைத்தாலும் அதன் எடை மிகுதி என்பதை ஏற்றத்தின் பாதி வழியில் முதுகு சொல்லிவிடும்.

இலேசான சுமையின் மதிப்பை உலகிற்குக் காட்டியவர்களுள் ஒரு பாட்டியும் இருக்கிறார். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த எம்மா கேட்வுட், பதினொரு பிள்ளைகளை வளர்த்தவர். 1955ஆம் ஆண்டு, தம் 67ஆம் வயதில், 3,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட அப்பலாச்சியன் மலைப்பாதையை மே மாதம் தொடங்கிச் செப்டம்பரில் தனியாக நடந்து முடித்தார். அவரிடம் கூடாரம் இல்லை. தாமே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் தொங்கவிட்டிருந்தார். மழைக்கு, குளியலறையில் தொங்கவிடும் நெகிழித் திரை ஒன்றை அதில் வைத்திருந்தார். பின்னர் மேலும் இருமுறை அப்பாதையை நடந்து முடித்தார். வழியில் பல நாள் அவர் துன்பப்பட்டதும் உண்மையே. நெகிழித் திரை மட்டும் அவரைக் காக்கவில்லை. எந்த இடத்தில் ஒதுங்குவது, எப்போது நடையை நிறுத்துவது என்னும் அறிவும் காத்தது.

சாய்வும் முக்கோணமும்

தார்ப்பாய் தானே நிற்காது. கூடாரத்திற்குக் கம்பிகளும் தைத்த வடிவமும் உண்டு. தார்ப்பாய்க்கு வடிவத்தைக் கட்டுபவரே தரவேண்டும். முதன்முறை கட்டுவோர் பெரும்பாலும் நான்கு மூலைகளையும் நான்கு மரங்களில் கட்டிப் பந்தல்போலப் படுக்கையாக விரிப்பர். வெயிலுக்கு அது சரி. மழைக்கு அது பெருந்தவறு. 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 9 சதுர மீட்டர் விரிப்பின்மேல் 90 லிட்டர் நீர் விழும். அதன் எடை 90 கிலோ. அது வழிந்தோட வழியின்றி நடுவில் தேங்கினால் வளையங்கள் பிய்ந்து, அவ்வளவு நீரும் கீழே உறங்குபவர்மேல் கொட்டும்.

எனவே சாய்வு வேண்டும். மிக எளிய வடிவம், பழைய கூரைவீட்டின் வடிவமே. இரு மரங்களுக்கு இடையே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, அதன்மேல் தார்ப்பாயைச் சரிபாதியாகத் தொங்கவிட்டு, இரு ஓரங்களையும் தரையோடு பிணைப்பது. கயிற்றை எவ்வளவு உயரத்தில் கட்டுவது? இங்கே வகுப்பறைக் கணக்கு உதவிக்கு வருகிறது.

3 மீட்டர் தார்ப்பாயின் ஒரு பாதி 1.5 மீட்டர். அதுவே செங்கோண முக்கோணத்தின் கர்ணம். கயிறு தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், பிதாகரசு தேற்றத்தின்படி ஒரு பக்கத்தின் அகலம் 0.9 மீட்டர். இருபக்கமும் சேர்த்துத் தரை அகலம் 1.8 மீட்டர். கயிற்றை 0.9 மீட்டருக்குத் தாழ்த்தினால் ஒரு பக்கம் 1.2 மீட்டர் ஆகி, தரை அகலம் 2.4 மீட்டராக விரியும். 3, 4, 5 என்னும் பழகிய முக்கோணமே இரண்டிலும் இருக்கிறது; ஒருமுறை நின்றுகொண்டு, மறுமுறை படுத்துக்கொண்டு. உயர்ந்த கூரையில் நீர் விரைந்து வழியும், உட்கார வசதி, ஆனால் காற்று பலமாகத் தாக்கும். தாழ்ந்த கூரை காற்றுக்கு அசையாது, மூவர் படுக்க இடம் தரும், ஆனால் தவழ்ந்தே நுழைய வேண்டும். இரவில் எது வரும் என்று வானத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். காகிதத்தாள் ஒன்றையும் அளவுகோலையும் கொண்டு மேசைமீது இதைச் செய்துபார்க்கலாம்.

காற்றின் திசையும் முன்கூட்டியே ஓரளவு தெரிந்ததுதான். பெங்களூருப் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். நவம்பர், டிசம்பரில் கிழக்கிலிருந்து வீசும். அப்பக்கத்து விளிம்பைத் தரையோடு ஒட்டித் தாழ்த்தி, மறுபக்கத்தைச் சிறிது உயர்த்தினால் சாரல் உள்ளே வராது.

லாரிக்காரர் முடிச்சு

நடுக்கயிறு தளர்ந்தால் கூரை தொய்யும். கையால் மட்டும் இழுத்து அதை விறைப்பாக்க இயலாது. இதற்கு உலகெங்கும் மலையேறுவோர் பயன்படுத்தும் முடிச்சுக்கு ஆங்கிலத்தில் ‘ட்ரக்கர்ஸ் ஹிட்ச்’ என்று பெயர். லாரிக்காரர் முடிச்சு என்பதே அதன் பொருள். தமிழ்நாட்டில் நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். அங்கிருந்து கிளம்பி ஓசூர் வழியாகப் பெங்களூருவுக்குள் நுழையும் லாரிகளின் படுதாவைச் சற்று நின்று பார்த்தால், கயிறு எங்கே வளைந்து எங்கே மடங்குகிறது என்பது விளங்கும். லாரி ஓட்டும் மாமாவோ சித்தப்பாவோ உள்ள வீட்டில் இப்பாடத்திற்கு வேறு ஆசிரியர் தேவையில்லை.

அதன் செயல்முறை இது. கயிற்றின் ஒரு முனையை முதல் மரத்தில் கட்டவேண்டும். மறுமுனையை இரண்டாம் மரத்தருகே கொண்டுவந்து, மரத்திற்கு ஒரு முழம் முன்னதாகக் கயிற்றின் இடையில் ஒரு சிறு கண்ணி போடவேண்டும். மீதிக் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அக்கண்ணியினுள் நுழைத்து, மீண்டும் மரத்தை நோக்கி இழுக்கவேண்டும். கண்ணி கப்பிபோலச் செயற்படுவதால், இழுக்கும் விசை கொள்கையளவில் மூன்று மடங்காகும். உராய்வினால் அதில் ஒரு பங்கு வீணாகும். எஞ்சுவதே ஒரு சிறுவன் கயிற்றை வீணைத்தந்திபோல விறைப்பாக்கப் போதும். இறுக்கியபின் கண்ணியருகே இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிடலாம். பள்ளியில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்தோர் வேறு சில முடிச்சுகளையும் கற்றிருப்பர். ஆயினும் தார்ப்பாய்க்கு இந்த ஒன்றை நன்றாகத் தெரிந்திருப்பதே பயன் மிக்கது.

நைலான் கயிறு நனைந்தால் சற்று நீளும். அதனால் மாலையில் விறைப்பாக இருந்த கூரை நள்ளிரவில் தொய்ந்திருக்கும். எழுந்து ஒருமுறை இறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. மழைநீர் கயிற்றின் வழியே ஊர்ந்து கூரைக்குள் வருவதும் உண்டு. மரத்திற்கும் தார்ப்பாயின் விளிம்பிற்கும் இடையே கயிற்றில் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிட்டால், நீர் அந்நூலைப் பற்றி வெளியிலேயே சொட்டிவிடும்.

உலோக வளையம் பிய்ந்துவிட்டால் தார்ப்பாயை எறிய வேண்டுவதில்லை. ஒரு கூழாங்கல்லை அவ்விடத்தில் உள்ளே வைத்து, தார்ப்பாயால் பொதிந்து, கழுத்துப்போன்ற பகுதியில் கயிற்றை இறுக்கிக் கட்டலாம். கல் உருண்டையாக இருப்பதால் கயிறு நழுவாது. வளையத்தைவிட இக்கட்டு உறுதியானது என்றே பலரும் கருதுவர்.

பெங்களூருவைச் சுற்றிய மலைகளில் வேறொரு சிக்கல் உண்டு. லால்பாக் தோட்டத்துப் பாறைமீது ஓடி விளையாடிய பிள்ளைகள் அறிவர்: இந்நிலம் கல்லால் ஆனது. அப்பாறையின் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். சாவனதுர்கமும், முன்னர் குளோஸ்பேட் எனப்பட்ட ராமநகரத்தின் குன்றுகளும் கருங்கல்லே. அங்கே ஆணி இறங்காது. கயிற்றை ஒரு சிறிய கல்லில் கட்டி, அதற்கு முன்னால் ஒரு பெரிய கல்லை வைத்துத் தடுப்பதே வழி. பெரிய கல்லிலேயே கட்டினால் கயிற்றின் நீளத்தைச் சரிசெய்ய முடியாது. சிறிய கல்லை நகர்த்துவது எளிது. மரங்கள் இல்லாத இடத்தில் இரண்டு ஊன்றுகோல்களே தூண்களாகும்.

கூரைக்குள் மழை

தார்ப்பாயின்கீழ் முதன்முறை உறங்குவோர் விடியலில் தலைமேல் நீர்த்துளிகளைக் கண்டு, ஓட்டை இருக்கிறதென்று தேடுவர். ஓட்டை இராது. பாலித்தீன் காற்றையும் நீராவியையும் ஊடுருவ விடாது. மூச்சிலிருந்தும் ஈரத் தரையிலிருந்தும் எழும் நீராவி, இரவில் குளிர்ந்த தார்ப்பாயைத் தொட்டவுடன் நீராகிறது. எல்லாப் பக்கமும் மூடி அடைத்தால் துளிகள் பெருகும். முனைகள் இரண்டையும் திறந்துவிட்டால் காற்று நுழைந்து ஈரத்தை வெளியேற்றும். குளிருக்கு அஞ்சி மூடுபவர் நனைவர்; திறந்து வைப்பவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உலர்ந்து கிடப்பர்.

இடத்தைத் தேர்வதில் அவசரம் கூடாது. தாழ்வான பள்ளத்தில் நீர் வந்து சேரும். கூரையைச் சுற்றி வாய்க்கால் வெட்டும் பழக்கம் மலைமண்ணை அரித்துவிடும். சற்று மேடான இடத்தைத் தேடுவதே மேல். இடிமின்னல் வேளையில் உச்சியிலும் வெற்றுப்பாறையிலும் தனிமரத்தின் அடியிலும் நிற்கலாகாது. அப்போது செய்ய வேண்டியது கூரை கட்டுவதன்று, கீழே இறங்குவது. தார்ப்பாய் மழையைத் தடுக்கும். கொசுவையும் பாம்பையும் தடுக்காது. சாவனதுர்கக் காடுகளில் கரடியும் சிறுத்தையும் வாழ்கின்றன. வனத்துறையின் அனுமதியின்றிக் காப்புக்காடுகளில் நுழைவதும் இரவு தங்குவதும் சட்டப்படி குற்றம். ஆகவே மாணவர்கள் பெரியவர்களோடு, அனுமதிக்கப்பட்ட முகாம்களிலும் பள்ளித் திடலிலும் வீட்டு மாடியிலுமே முதலில் கட்டிப் பழகவேண்டும்.

தார்ப்பாய்க் கலையில் உண்மையான வல்லுநர்கள் மலையேறுவோர் அல்லர். பெங்களூருவில் உயர்ந்த கட்டடங்களை எழுப்பும் தொழிலாளர் பலர், அக்கட்டடங்களின் அருகே நீலத் தார்ப்பாய்க் குடில்களில் வாழ்கின்றனர். எந்தப் பக்கம் சாரல் அடிக்கும், எங்கே கல்லை ஏற்ற வேண்டும், மூங்கிலின் முனை தார்ப்பாயைக் குத்தாதிருக்க எதைச் சுற்ற வேண்டும் என்பவற்றை அவர்கள் ஒரே பார்வையில் சொல்வர். மலையேறுவோர் ஓரிரவு விரும்பி உறங்கும் அக்கூரையின்கீழ் அவர்கள் வேறு வழியின்றி மாதக்கணக்கில் வாழ்கின்றனர். பகல் வெயிலில் அது உலைபோலக் கொதிக்கும். வெயில் நாள்தோறும் படப்படப் பாலித்தீன் வலுவிழந்து, தொட்டால் உதிரும். அங்கே வளரும் பிள்ளைகளும் பாடப்புத்தகத்தை அதே துளிகளிலிருந்துதான் காக்க வேண்டியிருக்கிறது.

அவ்வாறு உதிரும் துகள்கள் மண்ணில் மட்கமாட்டா. ஆதலால் மலைக்குக் கொண்டுசென்ற தார்ப்பாயும் கயிற்றுத் துண்டும் முழுமையாகத் திரும்பி வரவேண்டும். காலையில் கூரையை அவிழ்க்கும்போது முதலில் ஒரு குச்சியால் தட்டி நீரை உதிர்ப்பர். ஒட்டிய நீரோடு மடித்தால் சுமை கூடும். கற்களை எடுத்த இடத்திலேயே வைத்தபின் இறங்கத் தொடங்குவர். வீடு வந்ததும் மாடியில், நிழலான இடத்தில், இருபுறமும் காயவிட்டு மடித்து வைத்தால், அடுத்த மழைக்காலத்திலும் அதே தார்ப்பாய் பயன்படும்.